பைப் உடைந்தால் யார் சொல்வது?

நிரல்களைத் தோட்டத்துக் குழாய்போல ஒன்றோடொன்று மாட்ட வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் எழுதியது 1964இல். கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் 'பைப்' என்று செய்து காட்டியது 1973இல். மறுமுனை கழன்றுவிட்டால் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் என்ன செய்ய வேண்டும்? இதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

மூத்தது யூனிக்ஸ் மரபு. ஓயாமல் ஒரே வரியை எழுதும் 'யெஸ்' கட்டளையை 'ஹெட்'டோடு பைப்பில் இணைத்தால், பத்து வரி வாங்கிக்கொண்டு ஹெட் போய்விடும். மேலும் எழுத முயலும் யெஸ்ஸுக்கு 13ஆம் எண் சிக்னலான சிக்பைப் வரும்; சத்தமில்லாமல் செத்துப்போகும். ஷெல் அதை 128உடன் 13 கூட்டி 141 என்று காட்டும். நிரலாளர் இதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

பைத்தான், ரஸ்ட் மொழிகளோ தொடக்கத்திலேயே இந்த சிக்னலைப் புறக்கணித்துவிட்டு, எழுதும்போது பிழையாக வாங்கிக்கொள்கின்றன. ஒரு இணைப்பு அறுந்ததற்காக சர்வரே சாகக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் சிறு கட்டளை ஒன்று ஹெட்டுக்குப் பத்து வரி கொடுத்த குற்றத்துக்காகத் திரை நிறையப் புலம்புவது அழகல்ல. கோ மொழியின் தீர்ப்பே எனக்குப் பிடித்தது: ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர் இரண்டிலும் பைப் உடைந்தால் சாவு; மற்ற இடங்களில் வெறும் பிழை.

உடைந்த பைப்பில் மௌனம் சரி. டிஸ்க் நிரம்பும்போது அதே மௌனம் பொய். சி நிரலில் பிரிண்ட்எஃப் வெற்றி என்று சொன்னாலும் எழுத்துகள் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில்தான் கிடக்கும்; உண்மையில் வெளியே போவது பெரும்பாலும் நிரல் முடியும் கணத்தில். அப்போது இடமில்லை என்றால், பார்க்க ஆளில்லாமல் நிரல் வெற்றிக் குறியான 0 சொல்லி வெளியேறும். அதை நம்பி, நிரலை ஓட்டிய ஸ்கிரிப்ட் மூலக் கோப்பை அழித்துவிடும். ஜிம் மேயரிங் நீண்டகாலம் பராமரித்த, யெஸ், ஹெட் போன்ற கட்டளைகளின் தொகுப்பான குனு கோர்யூட்டில்ஸ் இதற்கு வைத்த முறை எளிது: வெளியேறும் முன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மூடு, மூடியது சரியா என்று பார், இல்லையேல் ஸ்டாண்டர்ட் எரரில் சொல்லிவிட்டுத் தோல்விக் குறியோடு போ. சோதிக்க லினக்ஸில் 'டெவ் ஃபுல்' என்ற சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்றே பதில் வரும். சொந்தமாகக் கட்டளை எழுதுகிறவர்கள் அதன் வெளியீட்டை ஒருமுறை அங்கே திருப்பிப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல் பரம்பரை வழி வருவது. பெற்றோர் நிரல் சிக்பைப்பைப் புறக்கணித்திருந்தால் பிள்ளையும் அப்படியே பிறக்கும். அடக்கமான யெஸ்கூட அப்போது பைப் உடைந்ததாக முறையிடும். பழைய இயல்பை மீட்டுத்தர அதே தொகுப்பின் 'என்வ்' கட்டளையில் தனி விருப்பத்தேர்வே 2019இல் சேர்க்கப்பட்டது.