கன்ரொரோவிச்சின் உற்பத்திக் கணிதம்: ஒரு மதிப்பீடு

உள்ள கருவிகளையும் பொருள்களையும் கொண்டு உயர்ந்த பயனைப் பெறுவது எங்ஙனம் என்பது பொருளியலின் பழைய வினா. அதற்குக் கணித வழியில் விடை காண முயன்ற முதல் நூல்களுள் ஒன்று, லியோனிட் கன்ரொரோவிச் எழுதி 1939ஆம் ஆண்டில் இலெனின்கிராட் அரசுப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, உற்பத்தியை ஒழுங்கமைத்தற்கும் திட்டமிடுதற்கும் உரிய கணித முறைகள் பற்றிய சிறு நூலாகும். ஏகபரிமாணத் திட்டமிடல் எனப் பிற்காலத்தார் வழங்கும் துறைக்கு இதனை முதனூல் எனலாம்.

நூலின் தோற்றத்திற்குக் காரணமாயது ஒரு தொழிற்சாலைச் சிக்கலே. எட்டு இயந்திரங்களுக்கு ஐந்து வகை மூலப்பொருள்களை எவ்வாறு பங்கிடுதல் தகும் என ஒட்டுப்பலகைத் தொழிலைச் சார்ந்த ஆய்வுகூடத்தார் 1938இல் ஆசிரியரை வினவினர். அவ்வினா அவ்வொரு தொழிலுக்கே உரியதன்று என்பதை உணர்ந்தமையே ஆசிரியரின் பெருமை.

முறையின் இயல்பை விளக்க நூலில் வரும் எடுத்துக்காட்டொன்றே போதும். ஒரு முழுப்பொருளுக்கு இருவகை உறுப்புக்கள் ஒவ்வொன்று வேண்டும். மில்லிங் இயந்திரம் ஒன்று குறித்த நேரத்தில் முதலாம் உறுப்பில் 10 அல்லது இரண்டாம் உறுப்பில் 20 ஆக்கும்; கடைசற்பொறி 20 அல்லது 30 ஆக்கும்; தானியங்கிக் கடைசற்பொறி 30 அல்லது 80 ஆக்கும். முதலிரு வகையில் மும்மூன்றும், இறுதி வகையில் ஒன்றும் உள. ஒவ்வொரு வகையும் இரு உறுப்புக்களையும் சமமாக ஆக்குமாறு விடின் முறையே 20, 36, 21 ஆக 77 முழுப்பொருள்கள் கிடைக்கும். கடைசற்பொறிகள் முதலாம் உறுப்பை மட்டும் 60 ஆக்க, தானியங்கி இரண்டாம் உறுப்பை மட்டும் 80 ஆக்க, மில்லிங் இயந்திரங்கள் முதலாவதில் 26உம் இரண்டாவதில் 6உம் ஆக்குமாயின் 86 கிடைக்கும். புதிய இயந்திரமோ, மிகை உழைப்போ இன்றிப் பெற்ற ஆக்கம் இது.

தானியங்கி இரு உறுப்புக்களிலும் ஏனையவற்றை விஞ்சுவது. எனினும் ஒன்றற்கே அது பயன்படுகின்றது. இங்கிலாந்துத் துணியையும் போத்துக்கல் மதுவையும் கொண்டு 1817இல் றிக்காடோ விளக்கிய ஒப்பீட்டு நலக் கோட்பாடே இங்குத் தொழிற்சாலையினுள் நிகழ்கின்றது.

இந்நூலின் உயிர்நிலை 86 என்னும் விடையன்று; அவ்விடையைக் காணுதற்கு ஆசிரியர் கையாளும் தீர்வுப் பெருக்கிகளே. மேற்கூறிய நிலையில் முதலாம் உறுப்பின் மதிப்பு இரண்டாவதின் இருமடங்கு. மில்லிங் இயந்திரம் முதலாவதில் ஒன்றை ஆக்க இரண்டாவதில் இரண்டை இழத்தலே அதற்குக் காரணம். சந்தையை நோக்காது, பற்றாக்குறையினின்றே விலை பிறக்கின்றது. ஓர் இயந்திரம் கூடுமாயின் என்ன பயன் விளையும் என்பதையும் இவ்விலை மதிப்பிட்டுக் காட்டும்.

ஆயினும் இவ்விலைகளை எல்லையின்றி நம்புதல் பிழை. இன்னொரு தானியங்கியைச் சேர்ப்பின் முழுப்பொருள்கள் ஏறக்குறைய 113 ஆகும் என்பது பழைய விலை தரும் மதிப்பீடு. மீண்டும் கணக்கிடின் 109 மட்டுமே கிடைக்கும். ஏனெனில் இரண்டாம் உறுப்பு மலிந்து விலைகளே மாறிவிடுகின்றன. மேலும், வேலையை மாற்றும்போது இயந்திரத்தைச் சீர்செய்யக் கழியும் நேரத்தை இவ்வெடுத்துக்காட்டு கணக்கிற் கொள்ளவில்லை. காலம் இருமடங்காயின் விளைவும் இருமடங்காகும் என்னும் நேர்விகித எடுகோள் கணக்கை எளிதாக்குகின்றது. தொழிற்சாலை எப்போதும் அதற்கு இசைவதில்லை.

இவற்றினும் ஆழமான ஒரு வினா உண்டு. உச்சப்படுத்தப்படுவது யாது? அதே இயந்திரங்களுக்கு இலாபமே குறிக்கோள் எனவும், இரு உறுப்புக்களும் ஒரே விலைக்கு விற்கும் எனவும், செலவு மாறாதெனவும் கொள்வோம். அப்பொழுது எல்லா இயந்திரங்களும் இரண்டாம் உறுப்பையே ஆக்கும். இரண்டாம் உறுப்புக்கள் 230 கிடைக்கும். முழுப்பொருள் ஒன்றேனும் கிடையாது. கணிதம் இரு நிலையிலும் பிழையற்றதே. வேறுபட்டது குறிக்கோள். ஆகவே, உத்தமத் திட்டம் என்னும் சொல் கேட்டவுடன் தலைவணங்குதல் அறிவுடைமையாகாது. எதற்கு உத்தமம், எவர் வகுத்த கட்டுப்பாட்டினுள் உத்தமம் என வினவுதல் வேண்டும். தொழிலாளியின் வேலைநேரம் கணக்கில் ஓர் எல்லைக்கோடாக மட்டுமே தோன்றும். அக்கோட்டை எங்கே இடுவதென்பதைச் சமன்பாடு கூறாது.

இலாபத்தைப் பெருக்கும் கணக்கெனப் பாடசாலைகளில் அறிமுகமாகும் இம்முறை இலாபத்தின் பொருட்டுப் பிறந்ததன்று. கன்ரொரோவிச் அரசுத் திட்டத்தை நிறைவேற்ற இதனை வகுத்தார். 1947இல் சிம்பிளெக்ஸ் முறையைக் கண்ட ஜோர்ஜ் டான்சிக் அமெரிக்க விமானப்படையின் திட்டங்களை வகுக்க முயன்றார். மதிப்புக்கு ஊற்று உழைப்பே என்னும் கோட்பாட்டுக்கு இவ்விலைகள் மாறானவை எனச் சோவியத் பொருளியலார் பலர் ஐயுற்றனர். 1942இல் ஆசிரியர் எழுதிய பெருநூல் 1959 வரை அச்சேறவில்லை. 1975இல் கூப்மன்சுடன் இணைந்து அவர் நோபற் பரிசு பெற்றார்.

குறிக்கோளைத் தேர்தல் மனிதனின் கடமை. தேர்ந்த குறிக்கோளுக்கு வழி காட்டுதல் கணிதத்தின் தொழில். இரண்டாவதை இந்நூல் செவ்வனே செய்கின்றது. முதலாவதையும் அது செய்துவிடும் என எதிர்பார்ப்பின், அக்குறை நூலினதன்று, கற்பவரினதே.