கருவி உடலுக்குள், முடிவு யார் கையில்?

மாத்திரை, ஊசி, வெற்றிடப் பம்பு என எதுவும் பலன் தராதபோது விறைப்புக் குறைபாட்டுக்கு எஞ்சும் வழி, ஆண்குறிக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை. பல ஆண்டுச் சர்க்கரை நோயாலோ புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சையாலோ நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போனவர்களே இதற்குப் பெரும்பாலும் வருகிறார்கள். எந்தக் கருவி என்பதை அறுவை மருத்துவரின் யோசனைப்படி முடிவு செய்வதே வழக்கம். அந்த வழக்கத்தில் நன்மை அதிகம். அதன் ஓட்டைகளையும் மறைக்கக் கூடாது.

கருவிகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, வளையும் தண்டு. எப்போதும் விறைப்பாகவே இருக்கும். வேண்டாதபோது கீழ்நோக்கி வளைத்துவிடலாம். மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த தண்டு குறைந்த விலையில் கிடைப்பதால் இந்தியாவில் பலருக்கும் கைகொடுக்கிறது. மற்றொன்று, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிரான்ட்லி ஸ்காட் குழுவினர் 1973-இல் அறிமுகப்படுத்திய திரவக் கருவி. குறிக்குள் இரு உருளைகள், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை, விதைப்பைக்குள் சிறு பம்பு. பம்பைச் சில முறை அழுத்தினால் உருளைகள் நிரம்பும். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பும். பார்வைக்கும் பயனுக்கும் இயல்பான விறைப்பை ஒத்தது இதுவே. ஆனால் விலை லட்சங்களில்.

நோயாளிக்குத் தோன்றாததை மருத்துவர் கவனிக்கிறார். பக்கவாதத்தாலோ மூட்டுவாதத்தாலோ விரல் வலுவிழந்தவருக்குப் பம்பை அழுத்துவது கடினம். தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி மங்கியவருக்குத் தண்டு உள்ளிருந்து அழுத்தித் தோலைத் துளைப்பதே தெரியாமல் போகலாம். அடிவயிற்றில் முன்பே அறுவை நடந்திருந்தால் நீர்ப் பைக்கு வேறு இடம் தேட வேண்டும். இவற்றையெல்லாம் விளம்பரத்தைப் பார்த்து எவராலும் தீர்மானிக்க முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மருத்துவர் தமக்குக் கைவந்த கருவியையே பரிந்துரைக்கும் வாய்ப்பு அதிகம். திரவக் கருவியைப் பொருத்திப் பழகாதவர் 'உங்களுக்குத் தண்டே போதும்' என்று முடித்துவிடலாம். விலை உயர்ந்ததே சிறந்தது என்று சொல்பவரும் இருக்கலாம். வெட்கத்தில் நோயாளி வாய் திறப்பதில்லை. மனைவி பல நேரம் அறைக்கு வெளியே காத்திருக்கிறார். அவரையும் பாதிக்கும் முடிவு அவர் இல்லாமலே எடுக்கப்படுகிறது.

இதன் விளைவாகச் சொல்ல வேண்டியவை சொல்லப்படாமல் போகின்றன. கருவி நீளத்தைக் கூட்டாது. முன்பைவிடக் குறைந்துவிட்டதாகவே பலர் உணர்கிறார்கள். குறியின் முனை பழையபடி பருக்காது. ஆசையை அது உண்டாக்காது. தொடுவுணர்வும் உச்சமும் பெரும்பாலும் முன்பிருந்தபடியே இருக்கும். பொருத்தும்போது விறைப்புத் திசு சிதைவதால், பின்னால் கருவியை எடுத்தாலும் இயற்கை விறைப்பை எதிர்பார்க்க முடியாது. முதல்முறை பொருத்துவோரில் 100-க்கு 1 முதல் 3 பேருக்குத் தொற்று வரலாம்; வந்தால் பெரும்பாலும் கருவியை வெளியே எடுத்தாக வேண்டும். திரவக் கருவி ஆயுள் முழுதும் உழைக்காது. 10, 15 ஆண்டுகளில் பழுதாகி மறு அறுவைக்குப் போவோர் உண்டு.

பொருத்திக்கொண்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மனநிறைவு தெரிவிப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. இந்தச் சிகிச்சைக்கு அது பெரிய நற்சான்று. ஆயினும் மனக்குறையோடு இருப்பவர்களில் பலரைத் துன்புறுத்துவது கருவியின் பழுது அல்ல, முன்கூட்டியே யாரும் திருத்தாத எதிர்பார்ப்பு.

எனவே எல்லைகள் தெளிவாக வேண்டும். எந்தக் கருவி ஆகாது என்று சொல்வது மருத்துவரின் பொறுப்பு. ஆகக்கூடியவற்றில் எது வேண்டும் என்று தீர்மானிப்பது நோயாளியின், தம்பதியின் உரிமை. கையெழுத்திடும் முன் கேளுங்கள்: இந்த அறுவையை நீங்கள் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? இரு வகையும் பொருத்துவீர்களா? எனக்கு ஏன் இது? பழுதானால் என்ன செலவு? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் அறுவை செய்துகொள்ளாதீர்கள், இன்னொருவரைப் பாருங்கள்.