ஜஃப்ருல்லா கான்: வாதம் வென்ற இடமும் தோற்ற இடமும்

1948 ஜனவரியில் காஷ்மீர் விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு சபைக்குக் கொண்டுபோனது இந்தியா. பழங்குடியினர் படையெடுப்புக்குப் பாகிஸ்தான் துணைபோகிறது என்பது புகார். இந்தியாவுக்காக என். கோபாலசாமி அய்யங்கார் பேசினார். பதில் சொல்ல எழுந்த பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் முகமது ஜஃப்ருல்லா கான், ஐந்து மணி நேரத்துக்கும் மேல் பேசினார். பஞ்சாப் படுகொலைகள், ஜுனாகத் சமஸ்தான விவகாரம் என எல்லாவற்றையும் இழுத்து வழக்கையே விரித்தார். அந்த மாதமே நிகழ்ச்சி நிரலில் ‘ஜம்மு காஷ்மீர் பிரச்சினை’ என்ற தலைப்பு ‘இந்தியா-பாகிஸ்தான் பிரச்சினை’ என மாறியது. வாதியும் பிரதிவாதியும் ஒரே தட்டில் நின்றார்கள்.

வழக்கறிஞராக இது அவருடைய உச்சம். ஆனால் அந்த வெற்றி ஏழு மாதம்கூட நிலைக்கவில்லை. மே மாதம் முதல் பாகிஸ்தான் ராணுவமே காஷ்மீருக்குள் இருந்தது. ஜூலையில் கராச்சி வந்த ஐ.நா. ஆணையத்திடம் அதைச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கே வந்தது. ஆகஸ்ட் 13 தீர்மானம் அதைச் சூழ்நிலையின் முக்கிய மாற்றமாகப் பதிவுசெய்து, பாகிஸ்தான் படைகள் வெளியேற வேண்டும் என்றது. நாவன்மை சம்பாதித்த அனுதாபத்தைக் களத்தின் உண்மை கரைத்துவிட்டது.

உள்நாட்டிலும் அவர் வாதத்தையே நம்பினார். 1949 மார்ச்சில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில், வரவிருந்த அரசியல் சட்டத்தின் அடிப்படையை வகுக்கும் குறிக்கோள் தீர்மானம் வந்தபோது, இஸ்லாமிய அரசு சிறுபான்மையினருக்கு நீதி வழங்கும் என்று உறுதியளித்தார். சிரிஷ் சந்திர சட்டோபாத்யாயா போன்ற இந்து உறுப்பினர்கள் சிறுபான்மையினரின் நிலை தாழும் என்று அதே அவையில் எச்சரித்தார்கள். நான்கே ஆண்டில், அஹ்மதியா சமயப் பிரிவைச் சேர்ந்த அவரைப் பதவிநீக்கம் செய்யக் கோரி பஞ்சாபில் கலவரம் வெடித்தது. லாகூரில் ராணுவச் சட்டம் வந்தது. 1974இல் அரசியல் சட்டத் திருத்தம் அவருடைய சமூகத்தை முஸ்லிம் அல்லாதோர் என அறிவித்தது. இதை அவர் முன்னறிந்திருக்க முடியாது என வாதிடலாம். எச்சரிக்கை காதில் விழுந்த பிறகு அந்தச் சமாதானம் எடுபடாது.

அவருடைய நிலைத்த பெருமை வேறிடத்தில் இருக்கிறது. லிபியா, துனீசியா, மொராக்கோ விடுதலைக்காக ஐ.நா.வில் அவர் எழுப்பிய குரல், அடிமைப்பட்ட நாடுகளுக்குத் தெம்பளித்தது. 1962இல் பொதுச்சபைத் தலைவரானார். அவர் தலைமையிலிருந்த சர்வதேச நீதிமன்றம் 1971இல், நமீபியாவில் தென்னாப்பிரிக்கா நீடிப்பது சட்டவிரோதம் எனக் கருத்துரைத்தது.

காலனி நாடுகளின் வழக்கறிஞராக, நீதிபதியாக அவர் முதல் வரிசைக்காரர். சொந்த நாட்டின் ராஜதந்திரியாக அந்த இடத்தை அவருக்குத் தர முடியாது. அங்கே அவர் உண்மை நிலவரத்தைவிடத் தன் வாதத்தையே அதிகம் நம்பினார்.