புள்ளியை விழுங்கும் நூல்

எம்ப்ராய்டரி தொழிலில் ஒரு லோகோ கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "இது என்ன ஃபாண்ட்?" ஆங்கிலம் என்றால் படத்தைக் கொடுத்ததும் எழுத்துருவின் பெயரைச் சொல்லும் மென்பொருள்கள் ஓரளவு கைகொடுக்கின்றன. தமிழுக்கு இன்னும் பெரும்பாலும் கண்தான் கருவி. ‘ழ’வின் கால் எங்கே முடிகிறது, ‘ஞ’வின் சுழி எவ்வளவு உருண்டை என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அது நல்ல வேலைதான். பெயர் கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதில்தான் எனக்குச் சண்டை.

அந்த எழுத்துரு மைக்காக வரையப்பட்டது. வழக்கமான 40-ஆம் எண் நூலோ துணியில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். சாட்டின் தையலின் அகலம் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஊசி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியை நைய வைத்துவிடும். போதாததற்கு நூல் துணியை இழுப்பதால் திரையில் வரைந்ததைவிடக் கோடு ஒல்லியாக வரும். சரி, கோட்டைத் தடிப்பாக்கலாம் என்றால் சுழி அடைபடுகிறது. ‘ண’வை 8 மில்லிமீட்டர் உயரத்தில் தைத்துப் பாருங்கள், தெரியும். சுழியை அகட்டி, எழுத்தைக் கொஞ்சம் படுக்கவைத்து, மெல்லிய கோட்டையும் தடித்த கோட்டையும் ஏறக்குறைய சமமாக்கி, புள்ளியை எழுத்திலிருந்து தள்ளி மேலே ஏற்றினால்தான் அது தமிழாக நிற்கும். அப்புறம் அது அந்த ஃபாண்ட் இல்லை. இல்லாவிட்டால் என்ன?

இதை யாரும் செய்வதில்லை. ஒரே சொடுக்கில் எழுத்தைத் தையலாக்கும் வசதி இருக்கிறதே! பல இயந்திரங்கள் படிக்கும் டிஎஸ்டி கோப்பில் ‘க’ என்றோ ‘ல்’ என்றோ எதுவும் கிடையாது. ஊசி அடுத்து எவ்வளவு நகர வேண்டும், எங்கே தாவ வேண்டும், எங்கே நூல் மாற்ற நிற்க வேண்டும், அவ்வளவுதான். புள்ளி காணாமல் போனால் எந்தப் பிழைதிருத்தியும் எச்சரிக்காது. பள்ளிச் சட்டைப்பையில் ‘கல்வி’ என்று தைக்கும்போது நூல் அந்த ஒரு புள்ளியை விழுங்கினால் மிஞ்சுவது ‘கலவி’. சிரிக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளை சிரிக்க முடியாது.

ஓலைச்சுவடியிலும் புள்ளி இல்லையே என்பார்கள். உண்மைதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியும், ஓலை கிழியும் என்று எழுதியவர்கள் அதை விட்டுவிட்டதாகச் சொல்வது வழக்கம். ஆனால் சுவடி படித்தவர்களுக்கு இடம் பார்த்துப் படிக்கும் பயிற்சி இருந்தது. சட்டைப்பையை இரண்டு விநாடி பார்க்கிறவருக்கு அது கிடையாது.

கல்யாண ரவிக்கையில் ஆரி வேலை செய்கிறவர்கள் பெயரைத் துணியில் கையாலேயே வரைந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஃபாண்ட் பற்றிய பேச்சே இல்லை. மெய்யெழுத்து வந்தால் தலைக்கு மேல் ஒரு முத்தை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். மேடைக்குக் கீழே நின்றாலும் அது தெரிகிறது.