பழி யாருக்கு?

போட்டோஷாப் மென்பொருளில் 2023இல் செயற்கை நுண்ணறிவு படம் நிரப்பத் தொடங்கியபோது, குறுக்கிடும் மின்கம்பியை நொடியில் அகற்றலாமே என்று வடிவமைப்பாளர் பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் நாம் குறை காணோம்.

ஆயின், செயலிகளின் திரைகளை வடிவமைக்க உதவும் ஃபிக்மாவில் 2024 ஜூனில் வந்த கருவி வேறு வகையினது. சொல்லால் கேட்டால் முழுத் திரையையே வரைந்து தருவது அது. வானிலைச் செயலி கேட்டவர்க்கு, ஆப்பிளின் வானிலைச் செயலியை ஏறத்தாழ அச்சாக ஒத்த வடிவம் வந்தது! நிறுவனம் கருவியை நிறுத்திற்று. பயனர் படைப்புகளைக் கொண்டு அதனைப் பயிற்றவில்லை என்றும் விளக்கிற்று. விளக்கத்தை நாம் மறுக்கவில்லை. எனினும், அவ்வடிவத்தை நம்பித் தம் பெயரால் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் இளைஞரின் கதி யாது? திருட்டுப் பழி அவர் தலையில் அன்றோ விழும்? வேகத்தைப் புகழ்வோர் இதற்கு விடை கூறாமல் நழுவுகின்றனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் கருவி திருத்தங்களுடன் மீண்டது. ‘முதல் வரைவு’ என்று பொருள்படும் புதுப்பெயரும் பூண்டது. பெயரளவில் நமக்கு உடன்பாடே.