விழுவதில் ஒரு நியாயம்

வீடியோ விளையாட்டைப் பற்றி ஒரு கதாசிரியன் எழுதுவதாவது என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். நாவல் படிப்பதைப் பற்றியும் ஒரு காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் முகம் சுளித்தார்கள் என்று ஞாபகப்படுத்தினேன். அவர் சமாதானமடையவில்லை. போகட்டும்.

எல்லா விளையாட்டுகளையும் பற்றி நான் பேச வரவில்லை. விழுவது, உருள்வது, மோதுவது, சாய்வது என்கிற பௌதிகக் காரியங்களையே உயிராக வைத்துக்கொண்ட சிலவற்றைப் பற்றித்தான். இந்த வகை நேற்றுப் பிறந்ததல்ல. 1962-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் பிடிபி-1 என்ற கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' என்று ஒன்றைச் செய்தார்கள். நடுவே ஒரு நட்சத்திரம்; ஒன்றையொன்று சுட்டுக்கொள்ள இரண்டு கப்பல்கள். நட்சத்திரம் இரண்டையும் தன் பக்கம் இழுக்கும். ஆடுகிறவன் எதிரியோடு மட்டுமல்ல, அந்த இழுப்போடும் மல்லுக்கு நிற்க வேண்டும். கெட்டிக்காரனாக இருந்தால் இழுப்பையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு சுற்றி வந்து அடிப்பான். ஆனால் குண்டுகளை மட்டும் நட்சத்திரம் இழுக்காது. அத்தனை கணக்கையும் போட அந்த யந்திரத்துக்குச் சக்தியில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குண்டை இழுக்காது என்றால் ஒருபோதும் இழுக்காது. இரண்டு பேருக்கும் அதே சட்டம். இப்படிப்பட்ட விளையாட்டுகளில் சுவை பிறப்பது பௌதிகம் உண்மையாக இருப்பதால் அல்ல, பாரபட்சமில்லாமல் இருப்பதால் என்பது என் கட்சி.

2009-ல் பின்லாந்திலிருந்து வந்த 'ஆங்ரி பேர்ட்ஸ்' உங்கள் வீட்டுக் குழந்தைகள் மூலமாக உங்களுக்கும் பரிச்சயமாகியிருக்கும். உண்டிவில்லில் ஒரு பறவையை வைத்து இழுத்து விட்டால் அது வளைந்து போய்ப் பன்றிகளின் கோட்டையில் மோதுகிறது. போன பறவையின் பாதை புள்ளி புள்ளியாகத் திரையில் நிற்கும். நம் தப்பு கண்ணெதிரே கோலம் போட்டு நிற்பதால், விரலை ஒரு மயிரிழை இறக்கினால் போதுமே என்று மறுபடியும் கை போகிறது. நல்ல உபாயம். ஆனாலும் கோட்டை சரிகிறபோது பல சமயம் எதை அடித்தோம், எது எதைத் தள்ளிற்று என்றே தெரிவதில்லை. தெரியாமல் ஜெயிப்பது பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிப் பாஸ் செய்தது மாதிரி. சந்தோஷம் உண்டு, பெருமை இல்லை.

2004-ல் வந்த 'ஹாஃப் லைஃப் 2'-ஐ இந்த விஷயத்தில் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அதில் ஒரு பலகை, நடுவில் முட்டுக் கொடுத்து ஏற்றம் இறக்கமாக நிற்கிறது. ஒரு முனையில் சிமெண்டுக் கற்களை அடுக்கினால் மறு முனை உயர்ந்து நாம் ஏறிப் போகலாம். எனக்கு இதில் திருப்தி இல்லை. பலகையும் கல்லும் அங்கே நமக்காகவே தவம் கிடக்கின்றன. நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் காரணமில்லாமல் ஒரு டாக்டர் வந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனால், பதினைந்தாம் அத்தியாயத்தில் யாருக்கோ ஜுரம் வரப்போகிறது என்று வாசகன் கண்டுகொள்வான் அல்லவா, அந்த மாதிரி. அதே விளையாட்டில் சாமான்களைப் பிடுங்கி வீசும் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்த பிறகு கதையே வேறு. கிடக்கிற ரம்பத் தகடும் பெயிண்ட் டப்பாவும் ஆயுதமாகிவிடுகின்றன. எதை எறிவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

'போர்ட்டல்' இதைவிட மேல். 2007-ல் வந்தது, மாணவர்கள் சிலர் 2005-ல் செய்த ஒரு சின்ன விளையாட்டிலிருந்து வளர்ந்தது. ஒரு சுவரில் ஒரு வாசல், இன்னொன்றில் மற்றொரு வாசல். இதில் நுழைந்தால் அதில் வெளிப்படலாம். எந்த வேகத்தில் நுழைந்தோமோ அதே வேகத்தில். உயரத்திலிருந்து தரையில் உள்ள வாசலுக்குள் குதித்தால், சுவரில் உள்ள வாசல் நம்மைப் பள்ளத்துக்கு அப்பால் வீசி எறியும். தரையில் ஒன்றும் நேர் மேலே கூரையில் ஒன்றுமாக வைத்துவிட்டால் விழுந்துகொண்டே இருக்கலாம். அதற்குச் சக்தி எங்கேயிருந்து வருகிறது என்று பௌதிக வாத்தியார் கேட்டால் பதில் கிடையாது. ஒரே ஒரு பெரிய பொய். அதை ஒப்புக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் சத்தியம். நல்ல கதையும் அப்படித்தான்.

ஆனால் என்னைப் பைத்தியமாக அடித்தது 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. மெக்ஸிகோவில் செய்தது. 2011-ல் முதல் உருவம் வந்து 2015-ல் முழுமை பெற்றது. அக்காள் பையன்தான் அறிமுகம் செய்து வைத்தான். பச்சை நிறக் குள்ளர்களுக்கு நாம் ராக்கெட் கட்டித் தர வேண்டும். முதல் ராக்கெட் நின்ற இடத்திலேயே கவிழ்ந்தது. மூன்றாவது மேலே போய், வெட்கப்பட்ட மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு கடலில் விழுந்தது. விழுந்ததற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்தான்.

இதிலும் பொய்கள் உண்டு. குள்ளர்களின் உலகத்துக்கு ஆரம் 600 கிலோமீட்டர்தான். ஆனால் தரையில் இழுப்பு நம் பூமியின் இழுப்பே. அதைச் சுற்றி வர வினாடிக்குச் சுமார் 2.3 கிலோமீட்டர் வேகம் போதும், பூமிக்கு 7.8 வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு கோளம்தான் கப்பலை இழுக்கும். அளவில் இப்படித் தாராளமாகப் பொய் சொல்லிவிட்டு, நியதியில் மட்டும் ஆசிரியர்கள் ஹரிச்சந்திரர்களாக இருக்கிறார்கள்.

அந்த நியதியின் குரூரம் எனக்கு ஒரு நாள் ராத்திரி தெரிந்தது. என் குள்ளன் ஒருவன் எரிபொருள் தீர்ந்து மேலே சுற்றிக்கொண்டிருந்தான். மீட்க இன்னொரு கப்பலை அனுப்பினேன். அவன் முன்னால் போகிறான். நான் வேகத்தைக் கூட்டினேன். அவன் இன்னும் தூரமாகப் போனான். மேலும் கூட்டினேன், மேலும் தூரம்.

"மாமா, முன்னால போறவனைப் பிடிக்கணும்னா நீங்க வேகத்தைக் குறைக்கணும்" என்றான் பையன்.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். இல்லை. வேகம் கூடினால் பாதை உயர்ந்து பெரிதாகிறது. சுற்றி வர அதிக நேரம் பிடிக்கிறது. குறைத்தால் பாதை தாழ்ந்து சுருங்கி நாம் முந்திவிடுகிறோம். 1965 ஜூனில் ஜெமினி 4-ல் போன மக்டிவிட், கழன்று மிதந்த ராக்கெட் பகுதியை நெருங்கப் பார்த்து, என்னைப் போலவே அதை நோக்கி விரட்டி, எரிபொருளைச் செலவழித்துவிட்டுக் கைவிட்டார். அதே வருஷம் டிசம்பரில் ஜெமினி 6, ஜெமினி 7-ஐ ஒரு மீட்டருக்கும் குறைவாக நெருங்கிக் காட்டிற்று. நாற்பது வயதுக்கு மேல், லுங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, விண்வெளி வீரரின் தப்பை நானும் செய்தேன் என்பதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பையன் ஒரு வழி சொன்னான். புறப்பட்ட இடத்துக்கே திருப்பிவிடும் வசதி இருக்கிறதாம். அமுக்கினால் எல்லாம் நடக்காததாகிவிடும். என் கை பொத்தானுக்குப் போயிற்று. அப்போது என் நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயம் ஞாபகம் வந்தது. கதாநாயகிக்குத் தப்ப வழியே இல்லை. வழியை அடைத்தவன் நான். வாரப் பத்திரிகையில் அடுத்த இதழோடு முடிக்க வேண்டுமென்று, ரங்கூனிலிருந்து ஒரு மாமாவின் உயிலை வரவழைத்தேன். ஒரு வாசகி எழுதினாள்: அந்த மாமா இருபது வாரமாக எங்கே இருந்தார்? இன்றுவரை அவளுக்கு நான் பதில் போடவில்லை.

பொத்தானை அமுக்கவில்லை. குள்ளன் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான். நானும் பையனும் மூன்று நாளாக இன்னொரு கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.