இரவல் வாங்கிய திரை

லினக்ஸில் பாஸ்வேர்டை மாற்றும்போது திரையில் ஒரு எழுத்துகூட விழாது. கீபோர்டு பழுதாகிவிட்டதோ என்று புதியவர்கள் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார்கள். கீபோர்டில் குறை ஏதும் இல்லை. மற்ற நேரங்களில் நாம் அடிப்பது திரையில் தெரிகிறதே, வியக்க வேண்டியது அதைத்தான். விசைக்கும் திரைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அடித்த எழுத்தை வாங்கித் திரைக்கு ஒரு பிரதி அனுப்புவது கர்னலுக்குள் இருக்கும் டெர்மினல் டிரைவர். பாஸ்வேர்டு கேட்கும் புரோகிராம் 'எக்கோ' என்ற சுவிட்சை அணைக்கிறது. வாங்கி முடித்ததும் மறுபடி போட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட சுவிட்சுகள் ஒரு டெர்மினலுக்குள் பல டஜன் உண்டு. 1988-இல் வந்த போசிக்ஸ் தரம் இவற்றை 'டெர்மியோஸ்' என்ற ஒரே கட்டமைப்பில் வரிசைப்படுத்தியது: உள்ளே வருவதற்குச் சில, வெளியே போவதற்குச் சில, கம்பிக்குச் சில, மனிதரோடு பழகும் விதத்துக்குச் சில. கட்டளைவரி புரோகிராம் எழுதுபவரின் ரசனையை அளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ரசிக்க வேண்டியது, எதையும் தொடாமல் விட்டால் கிடைக்கும் வசதி. பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் ஐந்து வரிப் புரோகிராமை எழுதுங்கள். பேக்ஸ்பேஸ் வேலை செய்யும். கண்ட்ரோல்-யு முழு வரியையும் அழிக்கும். கண்ட்ரோல்-சி புரோகிராமை நிறுத்தும். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. டிரைவர் வரியைத் தன்னிடமே சேர்த்து வைத்து, திருத்த விட்டு, என்டர் தட்டிய பிறகே புரோகிராமிடம் கொடுக்கிறது.

இந்த ஏற்பாடு காகிதத்தில் பிறந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33, நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் இயந்திரம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்தது இதன் முன் உட்கார்ந்துதான். காகிதத்தில் விழுந்த மையை அழிக்க முடியாது. அதனால் ஆரம்பகால யூனிக்ஸில் '#' அடித்தால் முந்தைய எழுத்து ரத்து, '@' அடித்தால் வரியே ரத்து. காகிதத்தில் எல்லாம் அப்படியே கிடக்கும். அச்சுத் தலை இடது ஓரத்துக்குத் திரும்புவது ஒரு கட்டளை, காகிதம் ஒரு வரி ஏறுவது இன்னொரு கட்டளை. யூனிக்ஸ் கோப்புகளில் வரி முடிவுக்கு ஒரே குறிதான். திரைக்குப் போகும்போது மற்றதை டிரைவர் சேர்த்துக் கொடுக்கும். இன்றும் அப்படிச் சேர்க்கும் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கி, எழுத்துகள் படிக்கட்டாக இறங்கும்.

எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் கண்ட்ரோல்-டி. கோப்பின் முடிவைச் சொல்லும் எழுத்து அது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண முறையில் அந்த எழுத்து புரோகிராமுக்குப் போவதே இல்லை. 'சேர்த்து வைத்ததை இப்போதே கொடு' என்று டிரைவரிடம் சொல்வதுதான் அதன் வேலை. வாங்கியதை அப்படியே திருப்பிக் காட்டும் 'கேட்' கட்டளையை ஓட்டி, பாதி வரி அடித்து, கண்ட்ரோல்-டி தட்டினால் என்டருக்குக் காத்திராமல் அந்தப் பாதி வரி திரும்ப வரும். மறுபடி தட்டினால், கொடுக்க எதுவும் இல்லாததால் பூஜ்யம் பைட் போகிறது. பூஜ்யம் வந்தால் கதை முடிந்தது என்பது யூனிக்ஸ் வழக்கம், 'கேட்' விடைபெறுகிறது. கோப்பு முடிவுக்கென்று தனியாக எதையும் செய்யாமலே அதைச் சாதித்துவிட்டார்கள்.

பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் விஐ எடிட்டரை எழுதத் தொடங்கியபோது வரி வரியாக வாங்குவது போதவில்லை. ஒவ்வொரு விசையும் அடித்த கணமே தேவைப்பட்டது. வரி சேர்க்கும் சுவிட்சை அணைத்தால் அது கிடைக்கும். ஆனால் எத்தனை பைட் வரும்வரை காத்திருப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதற்கு டெர்மியோஸில் இரண்டே எண்கள்: வி-மின், வி-டைம். இரண்டாவதன் அலகு பத்தில் ஒரு நொடி. மேல் அம்புக்குறியைத் தட்டினால் மூன்று பைட் வருகிறது. அதில் முதலாவது எஸ்கேப். தனி எஸ்கேப் விசையும் அதே பைட்டைத்தான் அனுப்பும். தட்டியது எது? அடுத்த பைட்டுக்குப் பத்தில் ஒரு நொடி காத்திருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல எடிட்டரில் எஸ்கேப் உடனே கேட்பதும் மட்டமானதில் இழுத்துக்கொண்டு நிற்பதும் இந்தக் காத்திருப்பைப் பொறுத்தது.

எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் கை தெரிகிறது. பாம்பு விளையாட்டு எழுதுபவருக்கு வரி சேர்ப்பதையும் எக்கோவையும் அணைத்தால் போதும். கண்ட்ரோல்-சி வேலை செய்யட்டும். வரிகள் ஒழுங்காக விழட்டும். இதற்கே 'ரா' முறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைப்பவர்கள் உண்டு. பிறகு விளையாட்டிலிருந்து வெளியேற வழியில்லாமல் ஆட்டக்காரர் திண்டாடுவார்.

டெர்மினல் புரோகிராமின் சொத்து அல்ல. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அண்டாவைப் போல, வாங்கியபடியே துலக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல புரோகிராம் முதலில் இருக்கும் நிலையைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைக்கும். தேவையான சுவிட்சை மட்டும் மாற்றும். முடியும்போது அந்தப் பிரதியையே திரும்ப வைக்கும். பிழை வந்து பாதியில் நின்றாலும் இது நடக்க வேண்டும். இதைவிடக் கடினமான சோதனை, புரோகிராமை இடையில் உறங்க வைக்கும் கண்ட்ரோல்-இசட். உறங்கப் போகும் முன் டெர்மினலைத் திருப்பிக் கொடுத்து, 'எஃப்ஜி' என்று எழுப்பியதும் மறுபடி வாங்கி, திரையைப் புதிதாக வரைய வேண்டும். விஐ இதைச் சத்தமில்லாமல் செய்கிறது. செய்யத் தவறும் புரோகிராம்கள் விட்டுச்செல்லும் குப்பையைக் கூட்டத்தான் 'எஸ்டிடிஒய் சேன்' என்ற கட்டளை இருக்கிறது.

தமிழில் அடிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சுவிட்சு ஒன்றும் உண்டு. யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டை மட்டும் அழித்தால், திரையில் எழுத்து போனதுபோல் தெரியும். புரோகிராமுக்குப் போகும் வரியில் உடைந்த இரண்டு பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத் தீர்க்க லினக்ஸ் 2.6.4 கர்னலில், 2004-இல், 'ஐயுடிஎஃப்8' என்ற சுவிட்சு வந்தது. அதைப் போட்டால் முழுக் குறியும் ஒன்றாக அழியும். அப்போதும் 'கோ' அழிய இரண்டு தட்டு வேண்டும்: முதலில் ஓகாரக் குறி, பிறகு ககரம். நம் எழுத்து எது என்பது டிரைவருக்கு இன்னும் தெரியாது.

உங்கள் டெர்மினலில் 'எஸ்டிடிஒய் -ஏ' என்று அடித்து, வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். பிறகு நீங்கள் தினமும் ஓட்டும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் கண்ட்ரோல்-இசட் தட்டி நிறுத்திப் பாருங்கள். எழுதியவருக்குத் தொழில் சுத்தம் இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.